அவளைப் பார்த்துத் திருப்பி வைத்த பெட்டி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாம் விட்ட இடத்தில் புகை வந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து அல்ல. தம்பிக்காரன் பள்ளிக்கூட நாளில் வாங்கிய சின்ன ஆம்ப்பிலிருந்து, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியிலிருந்து. ஒத்திகை நடுவே 'டப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அது மூச்சை விட்டது. பேஸ் கிட்டாரை மடியில் வைத்திருந்த அக்கா, "போனா போகட்டும், இனி நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள். அப்போது கணவனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள், சிலர் கோபித்துக்கொண்டு கடிதமே போட்டுவிட்டீர்கள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மூன்று பேர் குடும்பக் கச்சேரி. கணவன் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். மனைவி பேஸ், பாட்டுக்கு அடியில் தடித்த சத்தத்தில் ஓடும் கிட்டார். அவளுடைய தம்பி மேடைக்கு எதிரே மிக்ஸரில் உட்கார்ந்து சத்தத்தைப் பார்த்துக்கொள்வான். ட்ரம்ஸுக்கு ஆள் கிடையாது. அவன் லேப்டாப்தான் ட்ரம்ஸ். பிறந்தநாள், பணி ஓய்வு, ஹோட்டல் மாடி என்று சின்னச் சின்ன நிகழ்ச்சிகள்.

போன வருடம் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்து அவள் ஒரே ஒரு நிகழ்ச்சி வாசித்த கையோடு அவளுடைய பெரிய ஆம்ப்பைக் கணவன் விற்றுவிட்டான். வீட்டில் அதற்கு 'எருமை' என்று பெயர். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். "உன் கைக்கும் தோளுக்கும் இனிமே அது ஆகாதும்மா" என்றான். கேட்காமல் விற்றுவிட்டானே என்று ஒரு நிமிடம் சுருக்கென்றது. அடுத்த நிமிடம், நம்மேல் இத்தனை அக்கறையா என்று கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து மேடையில் தம்பியின் அந்தக் குட்டி ஆம்ப்தான். காலடியில், அவளைப் பார்த்துத் திருப்பி வைத்தபடி.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். இன்று சாயங்காலம் ஒரு நர்ஸம்மாவின் பணி ஓய்வு விருந்து. அதற்குள் ஆம்ப் வாங்கியாக வேண்டும்.

அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவள். மயிரிழை தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கண்ணாடிக் கடையில்தான் அந்தச் சாமர்த்தியமெல்லாம். வீட்டுக்குள் வந்தால், நம்பினவர்களை யார் லென்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள்?

தம்பி நேராக ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியிடம் போய் நின்றான். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது.

"இது போதும்க்கா. பையில போட்டுக்கலாம்."

"இதுலயா? இது பொம்மை மாதிரி இருக்குடா."

"உனக்குக் கேட்டா போதாதா? மாமாவும் இதத்தான் சொன்னாரு."

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். வயிறு முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். "எங்கம்மா வாசிப்பீங்க?"

"சின்ன ஹால்தாங்க. எண்பது, நூறு பேர் இருப்பாங்க."

"ட்ரம்ஸ் உண்டா?"

"லேப்டாப்ல வரும்."

"அப்ப இது உங்க காதுக்கு மட்டும்தான். முன்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு ஒண்ணும் போகாது."

தம்பி குறுக்கே விழுந்தான். "வயர் மிக்ஸருக்கு வருதுங்க. அங்கேருந்து ஹால் ஸ்பீக்கருக்கு நான் குடுத்துருவேன்."

"குடுப்பீங்க தம்பி, இல்லன்னு சொல்லல. ஒரு நாள் வயர் காலை வாரிருச்சுன்னா? இவங்க மேடையில நின்னுக்கிட்டுத் தனக்குத்தானே வாசிச்சிக்கிட்டிருக்க வேண்டியதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை.

கடைக்காரர் உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். ஒரு ஸ்டூல் உயரம் இருக்கும். பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. பின்பக்கம் சாய்த்து நிறுத்த ஒரு கால். அவள் வலது கையால் பிடியைப் பற்றித் தூக்கிப் பார்த்தாள். எருமையின் கனத்தில் கால்வாசிகூட இல்லை. மாவுப் பையைத் தூக்குவது போல் வந்துவிட்டது.

"இப்பல்லாம் உள்ள இருக்கிற சாமானே காத்தா போயிருச்சும்மா. சத்தம் மட்டும் பழைய சத்தம்" என்றார் கடைக்காரர். "வாசிங்க. நான் வெளிய போய்க் கேக்கறேன்."

"வெளியவா?"

"பேஸ் பக்கத்துல நின்னா தெரியாது. தள்ளி நின்னாத்தான் தெரியும்."

ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் போய் நின்றுகொண்டார். அவள் தடித்த தந்தியைத் தட்டினாள். கடையின் கண்ணாடிக் கதவு லேசாக நடுங்கியது. அப்புறம் ஒரு பாட்டில் பேஸுக்கு வரும் அடிவரியை மெதுவாக வாசித்தாள். இடது சுண்டுவிரல் ஒரு இடத்தில் தயங்கி, பிறகு அழுத்தியது. இத்தனை மாதமாக வீட்டில் விடாமல் பழக்கியதன் பலன். எதிர்ப்பக்கத்திலிருந்து கடைக்காரர் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது. கை உடைந்ததிலிருந்து, தன் சத்தம் ரோட்டைத் தாண்டிப் போகும் என்றே அவள் நினைக்கவில்லை.

"எடுத்துட்டுப் போய் இன்னிக்கு வாசிச்சுப் பாருங்க. சரிப்பட்டு வந்தா நாளைக்கு வந்து முடிச்சுக்கலாம்" என்றார் அவர். நல்ல மனுஷர். இந்தக் கதையில் இன்றைக்கு நல்லது செய்தவர் அவர் ஒருவர்தான்.

அப்போது அவள் போன் அடித்தது. கணவன்.

"என்னம்மா, அவ்வளவு பெருசெல்லாம் எதுக்கு? சின்னதையே எடேன். உன் தோளு என்னத்துக்கு ஆகும்?"

"பெருசுன்னு யார் சொன்னா? நீங்க பாக்கவே இல்லையே."

"இல்ல… சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி தன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

"தோளுக்கு ஒண்ணும் ஆகாது. ஒத்தக் கையில தூக்கறேன்" என்று வைத்துவிட்டாள். மனுஷன் நம் தோளை நினைத்தே உருகிப் போகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தாள். பாவம்!

விருந்து ஒரு உணவகத்தின் மாடி ஹாலில். மேடை என்று தனியாக இல்லை. ஒரு மூலையில் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தின் இரண்டு பக்கமும் ஹால் ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றன. அவள் புது ஆம்ப்பைத் தானே மாடிப்படியேற்றிக் கொண்டுவந்து, சபையைப் பார்த்து வைத்தாள். தம்பி ஓடி வந்து அதை அவள் பக்கமாகத் திருப்பினான்.

"ஏன்டா?"

"ஹாலுக்கு நான் குடுக்கறேன்ல. ரெண்டு பக்கமும் வந்தா குழப்பும்க்கா."

"கொஞ்சமா குழப்பட்டும். எனக்கு ஆசையா இருக்கு."

"சொன்னா கேளுக்கா. சத்தத்தயும் குறை. இன்னும் குறை. இன்னும்."

"இன்னும் குறைச்சா பெட்டியையே அணைச்சிரலாம்டா!"

அவனுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஹாலில் ஏசி ஓடுகிறது. கடைசியில் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து ஆம்ப்புக்கு முன்னால் போட்டான். அவள் அதை எடுத்து அப்பால் வைத்தாள். ஷூ கயிறு கட்டத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றவனுக்குக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் அவள். அவனுடைய கள்ளமுழி அவளுக்குத் தெரியாதா? ஏதோ வயரைக் கியரை உடைத்துவிட்டு மறைக்கிறான் என்று நினைத்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

கணவன் வேலை முடிந்து வந்தான். அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுவதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருக்கிற வேலை. ஆம்ப்பைப் பார்த்ததும் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

"இதுவா?"

"இதுதான். எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தம்பியைத் தேடிப் போனான். மிக்ஸர் பக்கத்தில் இருவரும் குனிந்து ஏதோ பேசினார்கள். அவள் தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. கணவன் எப்போதும்போல எல்லோரையும் அறிமுகப்படுத்தினான். "பாட்டு நான். சத்தம் என் மச்சான். அப்புறம் எங்க வீட்டுத் தூண், இவங்க!" கூட்டம் கைதட்டியது. அவள் வெட்கத்தோடு தலை குனிந்தாள். முதல் நான்கு பாட்டு நன்றாகப் போயிற்று. புது ஆம்ப்பில் தன் சத்தம் தெளிவாகக் கேட்டது. இடையிடையே வேறெங்கோ தள்ளி இன்னொரு நிழல் போல அதே சத்தம் கேட்டது. ஹால் ஸ்பீக்கரில் நாம்தானே வருகிறோம் என்று இருந்துவிட்டாள்.

அப்புறம் நர்ஸம்மா எழுந்து வந்தார். "அந்த மழைப் பாட்டு பாடுவீங்களா? நைட் டியூட்டில நாங்க முணுமுணுக்கிற பாட்டு."

கை உடைந்த பிறகு அவர்கள் அதை வாசித்ததே இல்லை. கணவன் தம்பியைப் பார்த்தான். தம்பி லேப்டாப்பில் தேடினான், தலையாட்டினான். ட்ரம்ஸ் ஆரம்பித்தது.

பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகிற இடத்தில் பேஸ் மூன்று சுரம் படியேற வேண்டும். அவளுக்குப் பிடித்த இடம். அவள் விரல் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. சுண்டுவிரல்கூடச் சுத்தமாக அழுத்தியது.

ஹால் ஸ்பீக்கரில் பேஸ் ஏறவில்லை.

ஒரே சுரத்தில் நின்றுகொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்தது. காலடியில் இருக்கிற பெட்டி ஏறுகிறது, ஹால் நிற்கிறது. இரண்டும் உரசி அவள் பல் கூசியது. தப்பு பண்ணிவிட்டோமோ என்று முதலில் தன் விரலைத்தான் பார்த்தாள். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது.

வலது கையைத் தந்தியிலிருந்து எடுத்தாள்.

பேஸ் நிற்கவில்லை. அவள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஹாலில் பேஸ் ஜம்மென்று போய்க்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் அதற்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எதிரே தம்பி நிமிர்ந்தான். அவள் கையைப் பார்த்தான். சட்டென்று லேப்டாப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் கணவனைப் பார்த்தாள். அவனும் திரும்பிப் பார்த்தான், தொங்குகிற கையைப் பார்த்தான், வரியை விடாமல் பாடினான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. இவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும்.

அந்த இழுத்த சுரம் யாருடையது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளேதான். கை உடைவதற்கு முன்னால் ஒரு கல்யாண நாள் விருந்து. இதே பாட்டில் கணவன் வரியை மறந்துவிட்டு, அசடு வழிந்துகொண்டே "லல்லல்லா" என்று சமாளித்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் விரல் படியேறவில்லை, ஒரே சுரத்தில் நின்றுவிட்டது. வீடு திரும்பும்போது வண்டியெல்லாம் அந்தச் சிரிப்புதான்.

இடைவேளையில் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த நடையில் மூன்று பேரும் நின்றார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

தம்பி மாமாவைப் பார்த்தான். கணவன்தான் பேசினான். "நீ திரும்பி வந்து முதல்ல வாசிச்ச நிகழ்ச்சி ஞாபகம் இருக்கா? விரல் நிக்கவே இல்லம்மா. பாதி சுரம் வரல. அந்த ஹோட்டல் மேனேஜர் வந்து, பேஸ் வேண்டாம், குறைச்சிருங்கன்னாரு. அத உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லியிருக்கணும்."

"சொன்னா உடைஞ்சு போயிருப்ப."

"அதனால என் வயரப் புடுங்கிட்டீங்க."

"புடுங்கலக்கா" என்றான் தம்பி மெதுவாக. "மிக்ஸர்ல அடைச்சு வெச்சேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்! கேட்டுக்கோங்க!" அவள் குரல் உயர்ந்தது. "தினமும் உக்காந்து வாசிச்சேனே. பக்கத்துல உக்காந்து 'நல்லா வருது, நேத்தைவிட இன்னிக்கு நல்லா வருது'ன்னு சொன்னீங்களே. எதுக்கு வரணும் அது? யாருக்குக் கேக்கப் போகுதுன்னு வரணும்?"

"நிஜமாத்தான்மா சொன்னேன். நல்லாத்தான் வந்துச்சு."

"அப்ப ஏன் திறந்துவிடல?"

கணவன் சமாதானமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்றைச் சொன்னான். "வேற யாரையும் வெச்சு வாசிக்கலையே. எல்லாம் நீதான். மச்சான் மிக்ஸர்ல பதிஞ்சு வெச்ச உன்னோட பழைய ரெக்கார்டிங்தான். கைதட்டினதெல்லாம் உனக்குத்தான்."

இதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். தன்னை வைத்தே தன்னை வெளியே தள்ளியவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

"அன்னிக்கு நீங்க வரி மறந்தீங்க. நான் சிரிச்சேன்" என்றாள். "அந்தச் சிரிப்பையா எடுத்து எனக்குப் பதிலா நிக்க வெச்சீங்க? இன்னிக்கு நான் சரியா வாசிச்சேன். ஹாலுக்குப் போனது அன்னிக்குப் பண்ணின தப்பு."

கணவன் தரையைப் பார்த்தான்.

"எருமைய வித்தது, பொம்மைப் பெட்டிய வாங்கச் சொன்னது, எல்லாம் என் தோளுக்காகன்னு நம்பினேன். அழுதேங்க நான், சந்தோஷத்துல. நீங்க தேடினது கனமில்லாத பெட்டி இல்ல. என் சத்தம் வெளிய போகாத பெட்டி."

உள்ளேயிருந்து இந்த உணவகத்தின் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா சார்? நர்ஸம்மா அந்த மழைப் பாட்ட இன்னொரு தடவை கேக்கறாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள். "அந்தப் பேஸ எடுத்துரு."

"முடியாதுக்கா. ட்ரம்ஸையும் அதையும் ஒண்ணா சேத்து வெச்சிட்டேன். ஒண்ண எடுத்தா ரெண்டும் போயிரும்."

"போகட்டும்."

"ட்ரம்ஸ் இல்லாம எப்படிம்மா?" கணவன் பதறினான். "இந்த இடத்துல இனிமே நம்மளக் கூப்பிடவே மாட்டாங்க. கை வேற இன்னும் முழுசா…"

"முழுசா வரல. தெரியும். என் கைதானே."

உள்ளே போனாள். ஆம்ப்பின் பின்னால் மிக்ஸருக்குப் போகும் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, பின்னாலேயே வந்த தம்பியின் கையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் போய் லேப்டாப்பை மூடினான். அவள் பெட்டியைப் பிடித்துச் சபையைப் பார்த்துத் திருப்பினாள். சாய்க்கிற காலை நிமிர்த்தி வைத்தாள். காலையில் கடைக்காரருக்கு ரோட்டைத் தாண்டிக் கேட்டபோது சத்தத்தின் குமிழ் எங்கே நின்றதோ, அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

ட்ரம்ஸ் இல்லை. மழைப் பாட்டின் அடிவரி மட்டும் தனியாக எழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலர் தலை தூக்கினார்கள். கணவன் மைக்கின் முன்னால் வந்து நின்றான். கிட்டார் தோளில் தொங்கியது, அதைத் தொடவில்லை.

படியேறும் இடம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சுண்டுவிரல் வழுக்கிவிட்டது. 'டொக்' என்று ஒரு செத்த சத்தம் ஹாலின் கடைசிச் சுவர் வரைக்கும் போயிற்று. எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒருவர் முகத்தைச் சுளித்தார். நர்ஸம்மா மட்டும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மைக்கின் முன்னால் நின்றவனை விட்டு அவள் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை மாதத்தில் அவள் வாசித்து ஊர் கேட்ட முதல் சுரம் அது.

அவன் பாடத் தொடங்க வேண்டிய இடம் வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. கண் லேப்டாப் பக்கம் போயிற்று, அப்புறம் அவள் விரலுக்கு வந்தது. அன்றைக்கென்றால் இப்படி அவன் விழித்துக்கொண்டு நின்றபோது அவள் சிரித்திருப்பாள். அவனுக்காக அதே சுரத்தில் நின்றிருப்பாள்.

இன்றைக்கு அவள் நிற்கவில்லை. அடுத்த சுற்றைத் தொடங்கி, அந்தப் படியை நோக்கி மறுபடியும் போனாள்.